மாடியில் ஒரு மணி நேரம்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் பெரிய வீடுகளுக்குப் போய் டியூஷன் எடுக்கத் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. மரியாதை உண்டு, வேளைக்குக் காபி வரும். ஆனால் பிள்ளை எங்கே உட்காரணும், எப்போது எழுந்திருக்கணும் என்பது வாத்தியார் கையில் இருக்காது.

ஒரு வீட்டில் ஏழாம் வகுப்புப் பையன். ஏசி அறை. ஜன்னல் திரை எப்போதும் இழுத்தே கிடக்கும், சாயங்காலம் ஐந்துக்கே டியூப்லைட் எரியும். வெளியே விட்டால் கெட்டுப்போவான் என்று வீட்டில் பயம். பின்னக் கணக்கில் விடை எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான். தாளே ஓட்டை விழுந்துவிடும். மூன்று மாதம் கணக்கையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

அப்போதுதான் தஞ்சை மன்னர் சரபோஜியின் இளமைக்காலத்தைப் படித்தேன். 1787-ல் துளஜா மன்னர் பத்து வயது நிரம்பாத அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரை நம்பி விட்டுவிட்டுக் கண்மூடினார். ஆட்சிக்கு வந்த அமர்சிங் பிள்ளையை அடைத்து வைத்தார், படிப்பும் இல்லை. ஷ்வார்ட்ஸ் சென்னைக் கம்பெனி அரசிடம் முறையிட்டார். 1793-ல் சரபோஜி சென்னைக்குப் போனார். அங்கே பாடம் சொன்ன கெரிக்கே பாதிரியார் முன்பு நம்ம கடலூரில் பல வருடம் இருந்தவர். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் பையனின் அம்மாவிடம், "மொட்டைமாடியில வச்சு சொல்லித்தரட்டுமாம்மா?" என்றேன். "வேர்க்குமே சார்" என்று தயங்கினார். பாட்டிதான் "போகட்டும் விடுடி" என்றார். தட்டில் பன்னிரண்டு பண்ருட்டிப் பலாச்சுளை. மூன்றில் ஒரு பங்கு எடு என்றேன். நான்கு எடுத்தான். அதில் பாதி? இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு, கையிலிருந்ததையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ இது ஆறில் ஒண்ணா சார்?" அன்றைக்கு ரப்பரை அவன் தேடவே இல்லை.

அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. வலித்தது.

சரபோஜி 1798 ஜூனில் பட்டத்துக்கு வந்தார். ஷ்வார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை, பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள தேவாலயத்தில் மன்னர் செய்துவைத்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது: படுக்கையில் ஆசிரியர் ஷ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி.

கடைசி நாள் நான் போனபோது, பையனே இரண்டு நாற்காலிகளையும் மாடிக்குத் தூக்கிப் போட்டு வைத்திருந்தான்.