பிளாஸ்டர் வானம்

ஃபுளோரிடாவின் டாம்பா தியேட்டர் உட்கூரைப் படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. 1926இல் திறந்த தியேட்டர். கட்டிடக் கலைஞர் ஜான் எபர்சன் அதன் உட்கூரையை இரவு வானம்போல வடிவமைத்தார்.

அந்த நீல வானம் வெறும் பிளாஸ்டர்தான். வழவழவென்று பூசணும். எங்காவது மேடு தட்டினால் பக்கவாட்டு வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். வானம் பழையபடி கூரையாகிவிடும்.

நட்சத்திரம்? பிளாஸ்டரில் சின்னத் துளை, அதற்கு மேல் குட்டி பல்பு.

பல்பு போனால் கூரைக்கு மேலே ஏறித்தான் மாற்றணும்.

நீல விளக்குகள் சுவர் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மேகம் ஓட்டத் தனி புரொஜெக்டர்.

1923இல் ஹூஸ்டன் நகரின் மெஜஸ்டிக் தியேட்டரில் எபர்சன் தொடங்கிவைத்த பாணி இது. சரவிளக்கு தொங்கும் குவிமாடத்தைவிடச் செலவு கம்மி. தியேட்டர் முதலாளிகள் மயங்கியது நட்சத்திரத்தில் அல்ல, இதில்தான் என்பேன்!

1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு அதற்கும் காசில்லை. எபர்சனும் எளிமையான ஆர்ட் டெகோ கட்டிடப் பாணிக்கு மாறிவிட்டார்.