சென்னை மணி பதினொன்றுக்குத் தொடங்கிய மராத்தான்: பினாங்குப் பாலத்தில் ஓடிப் பார்த்தது

ஜூலை

மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவில் முழு மராத்தான் ஓடப்போகிறேன் என்றதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்தத் தீவுப் புழுக்கத்துல எப்படி ஓடுவே?" சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டுகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது ஆவியாகுமா ஆகாதா என்பதைக் காற்றின் ஈரம்தான் முடிவு செய்கிறது. வானிலைச் செயலியில் 'ட்யூ பாயிண்ட்' என்று ஓர் எண் வரும், அதைப் பார்த்தால் போதும். அது ஏற ஏறக் காற்றில் ஈரம் கூடுதல் என்று அர்த்தம். பினாங்கில் வருஷம் முழுக்க அது 23, 24 டிகிரியில் நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் சென்னையிலும் ஏறக்குறைய அதே எண்தான், சில நாள் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் இந்தப் புழுக்கத்துக்கு உடம்பைப் பழக்க இரண்டு வாரம் முன்னாலேயே வந்து இறங்க வேண்டும். நாம் பால்கனிக் கதவைத் திறந்தாலே பயிற்சி ஆரம்பம்.

அதனால் புழுக்கத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என் கவலை தொடக்க நேரம். பினாங்குப் பாலம் மராத்தானில் 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் கிளம்புவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. வெயிலுக்கு முன்னால் முடித்து, பாலத்தை வண்டிகளுக்குத் திறந்துவிட வேண்டுமே! சென்னையில் நாங்கள் மூன்றரைக்கு எழுந்து நாலரைக்கு ஓடுகிற கூட்டம். தூங்கி எழுந்து ஓடுவது வேறு, தூங்கவே தூங்காமல் ஓடுவது வேறு.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றரை என்றால் நமக்கு இரவு பதினொன்று. இதைக் காலண்டரில் எழுதி வைத்தேன். மீதித் திட்டமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். மனித உடம்பின் சூடு அதிகாலை நாலு, ஐந்து மணிவாக்கில்தான் மிகக் கீழே இறங்கும், தூக்கம் ஆளைச் சாய்ப்பதும் அப்போதுதான். மலேசிய நேரத்துக்கு உடம்பைப் பழக்கிவிட்டால் அந்தக் குழி ஓட்டத்தின் நடுவில் வந்து விழும். சென்னை நேரத்திலேயே இருந்துவிட்டால் அது வருவதற்குள் பாலத்தை விட்டு இறங்கிவிடலாம். ஆக, போகிற இடத்துக்குத் தகுந்தபடி மாறக்கூடாது, மாறாமல் இருக்கத்தான் பழக வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர்

வார நாள் ஓட்டங்கள் எப்போதும்போல விடியற்காலையில். நீண்ட ஓட்டத்தை மட்டும் சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மாற்றினேன். பெசன்ட் நகரில் கிளம்பி, அடையாறு, சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலை, நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்புவது.

அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாக ஓட முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை. மனிதர்களைவிட நாய்கள் எனக்குப் பெரிய பயம். விடிகாலையில் காலைச் சுற்றி வாலாட்டுகிற அதே நாய், இரவு பன்னிரண்டு மணிக்குத் தெருவைத் தன் பேருக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் தண்ணீர், வாழைப்பழம், ஒரு குச்சியோடு பின்னால் வருவது என்று முடிவாயிற்று.

முதல் வாரமே சாந்தோம் அருகில் ரோந்து வண்டி நின்றது. இறங்கிய காவலர் நேராக இவரிடம் போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "பயப்படாம சொல்லும்மா, எங்கேருந்து துரத்திட்டு வர்றான்?"

"சார், அவர் என் வீட்டுக்காரர். நான் பிராக்டிஸ் பண்றேன்."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஓடலாம்ல?" என்றார் கடைசியில். இவர் அதற்கு இன்று வரை பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அதே ரோந்து வண்டி எங்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

இரவு ஓட்டத்தில் காலைவிட வயிறுதான் முதலில் தகராறு செய்தது. ஒன்பது மணிச் சாப்பாட்டோடு பதினொன்றுக்கு ஓடினால் பட்டினப்பாக்கம் தாண்டுவதற்குள் எல்லாம் நெஞ்சில் நிற்கும். பல விதமாக மாற்றிப் பார்த்து இதில் வந்து நின்றேன்: மதியம் வயிறாரச் சாப்பாடு, பிறகு ஒன்றரை மணி நேரத் தூக்கம், ஆறரைக்கு இட்லியும் கொஞ்சம் தயிர்சாதமும், பத்தேகாலுக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் ஃபில்டர் காபி. சாயந்திரக் காபி கிடையாது. காபியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலையில் குடித்துவிட்டால் இரவுக் காபிக்கு உறைப்பு இருக்காது.

வியர்வையையும் அளந்து பார்த்தேன். ஓடுவதற்கு முன் எடை, ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி எடை. 1.1 கிலோ குறைந்திருந்தது, அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல். அத்தனையையும் வெறும் தண்ணீராகக் குடித்து ஈடுகட்ட நினைப்பது ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயங்கி விழுந்தவர்கள் மராத்தான்களில் நிறைய. இழப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே குடித்தால் போதும், அதிலும் உப்பு இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம், அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதா உப்பு. விளையாட்டுக் கடைக்காரர்கள் பளபளப்பான டப்பாவில் விற்பதோடு ஒப்பிட்டால் விலை அற்பம், ருசிதான் கண்ணீர் மாதிரி. சக்திக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழமும் சில ஜெல்களும்.

அக்டோபர், நவம்பர்

மழை. சென்னைக்காரர்கள் டிசம்பர் மராத்தானுக்குத் தயாராவதில் உள்ள ஒரே கஷ்டம் வடகிழக்குப் பருவமழைதான். மிக நீண்ட 32 கிலோமீட்டர் ஓட்டத்தை ஒரு மழையில்லாத சனிக்கிழமை பார்த்து முடித்தேன். மற்றதில் பாதி டிரெட்மில்லில் கழிந்தது, அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

மழையில் ஓடியதில் ஒரு லாபம் உண்டு. நனைந்த துணி எங்கெங்கே உரசும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டது. வியர்வை காயாத ஊரில் ஐந்து மணி நேரம் ஓடுவதும் மழையில் ஓடுவதும் தோலுக்கு ஒன்றுதான். வாசலின் தடவும் இடங்களின் பட்டியல் நீண்டது. பருத்திக் காலுறையைத் தூக்கி எறிந்தேன்.

டிசம்பர், போய்ச் சேர்ந்தது

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டும். இப்போது நாலு மணி நேரம்தான். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம். எம்.டி.ஏ.சி. என்ற வருகைப் படிவத்தை மட்டும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

என் கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டேன். அறையில் திரையை இழுத்துவிட்டு உள்ளூர் மணி ஒன்பதரை வரை தூங்கினேன். நமக்கு அது ஏழு மணிதானே! வீட்டுக்காரர் விடிந்ததும் கிளம்பிப் போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்து வர்ணித்தார். தோளில் தடியைப் போட்டு, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிவைத்த சாப்பாடு அது. நாலைந்து குழம்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றிக் கொடுப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னால் அதைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன். லிட்டில் இந்தியாவில் இட்லியும் தயிர்சாதமும் கிடைக்கிற ஊரில் அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை (பிப்) வாங்கிக்கொண்டு குயின்ஸ்பே பக்கம் கடலோரமாக நடந்தபோது எதிரே ஜெரஜாக் தீவு தெரிந்தது. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை வைத்திருந்த இடம், 1993 வரை சிறைச்சாலை. கப்பலில் வந்திறங்கியவர்களை நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அடைத்து வைத்த முகாமும் அங்கே இருந்தது. தோட்ட வேலைக்கு நம் ஊரிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. நான் நாலு மணி நேரத்தில் வந்துவிட்டுத் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று சிரிப்பு வந்தது.

ஓட்ட இரவு

மதியத் தூக்கம் சரியாக வரவில்லை, ஆனாலும் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மற்றபடி எல்லாம் ஒத்திகைப்படி. அரை டம்ளர் காபி மட்டும் இன்ஸ்டன்ட்.

ஒன்றரைக்கு விட்டார்கள். 25 டிகிரி இருக்கும், காற்றே இல்லை. முதல் கிலோமீட்டரிலேயே பனியன் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் குளிர் நாட்டுக்காரர் ஒருவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். எனக்கோ இது சாந்தோம் சாலை மாதிரிதான் இருந்தது, நாய் மட்டும் இல்லை.

முதல் பகுதி தீவின் கிழக்குக் கரையோர விரைவுச்சாலை. அகலம், விளக்கு, ஓரத்தில் தொழிற்சாலைகள், அவ்வளவுதான். உற்சாகப்படுத்த யாரும் நிற்கமாட்டார்கள், எல்லாரும் தூங்குகிறார்கள். கைதட்டலுக்காக ஓடுகிறவர்களுக்கு ஏற்ற ஓட்டம் இல்லை இது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம் என்று போய்க்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு வாய் ஓ.ஆர்.எஸ்., நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜெல் அல்லது பேரீச்சம்பழம்.

அப்புறம் பாலம். மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் தண்ணீருக்கு மேலே மட்டும் 8.4. 1985-இல் திறந்தது. 2014-இல் தெற்கே இரண்டாவது பாலம் திறந்தபோது அந்த வருஷ மராத்தானை அதில் நடத்தினார்கள். பழைய பாலத்தில் வண்டியில் போகும்போது அது சமதளம்போல இருக்கும், ஓடும்போதுதான் ஏற்றம் தெரியும். கப்பல் போவதற்காக நடுப்பகுதியைத் தண்ணீரிலிருந்து 33 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, கம்பிவடங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். போகும்போது அதில் ஒருமுறை ஏற வேண்டும், அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் திரும்பி வரும்போது மறுபடி ஒருமுறை. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் போவதால் நடுவில் பாலம் லேசாக அதிர்வது தெரிகிறது என்று முன்பு ஓடியவர்கள் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். முதலில் எனக்குத் தலை சுற்றுகிறதோ என்று நின்று, கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் அதிர்ந்தது. நிம்மதியாகத் தொடர்ந்தேன்.

மேலே போனதும் காற்று வந்தது. இரவு முழுக்க ஆவியாகாமல் கிடந்த வியர்வை அங்கேதான் கொஞ்சம் காய்ந்தது. இரண்டு பக்கமும் கறுப்புக் கடல், ஒரு பக்கம் ஜார்ஜ் டவுன் வெளிச்சம், எதிரே பட்டர்வொர்த். மூன்று மணிக்குக் கிளம்பிய அரை மராத்தான் கூட்டத்தில் வேகமானவர்கள் எங்களை விர் விர்ரென்று கடந்தார்கள். இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகள் ஈரத்தில் வழுக்கின, அவற்றை மட்டும் பார்த்துப் பார்த்துத் தாண்டினேன்.

திரும்பும் ஏற்றத்தில் தொடை இரண்டும் இறுகிவிட்டது. நடந்தேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த உள்ளூர்த் தம்பி ஒருவர் என் சட்டையில் இருந்த சென்னையைப் படித்துவிட்டு, "அக்கா, மெதுவா போலாம்லா. மேடு முடிஞ்சதும் ஓடலாம், எல்லாரும் அப்படித்தான்" என்றார். அவர் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராம். இருவரும் மேடு முடிகிற வரை கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம். இறக்கத்தில் அவர் ஓடிவிட்டார், பெயர் கேட்கவில்லை.

தூக்கம்? நான் பயந்த மாதிரி வரவில்லை. பாலம் முடிந்து கரையேறிய பிறகு ஒரு கொட்டாவி, தொடர்ந்து இன்னொன்று. மணிக்கட்டைப் பார்த்தேன், சென்னையில் மூன்றே முக்கால். கணக்கு ஏறக்குறையச் சரிதான். கையில் மிச்சம் இருந்த காபி ஜெல்லைப் பிழிந்து போட்டுக்கொண்டேன். ஐந்து மணி இருபது நிமிஷத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கிழக்கே வெளுத்திருந்தது, சூரியன் இன்னும் வரவில்லை. சென்னை மராத்தான்களைவிடப் பத்து நிமிஷம் அதிகம். அந்தப் பாலத்தின் இரண்டு ஏற்றங்களுக்கு ஐந்தைந்து நிமிஷம் என்று எழுதிக்கொள்கிறேன்.

பிறகு நாசி கண்டார். மூன்று குழம்பு.

அடுத்த நாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். 513 படி. இவர் ஏறினார், நான் அடிவாரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி, "ஏம்மா, சின்ன வயசுதானே, ஏறலையா?" என்றார். நேற்றுப் பாலத்தில் ஓடினேன் என்றேன். "அதுலதான் பஸ்ஸு போகுதே" என்றார்.

சென்னை திரும்பியபின்: இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது, விழும். முழங்கால்கள் நலம். உரசல் ஒரே இடத்தில், பட்டியலில் விட்டுப்போன இடம். நேர மாற்றத்துக்காகப் பழகிக்கொள்ள எதுவும் இல்லை, ஏனென்றால் எதையும் மாற்றவே இல்லை. ஸ்கூட்டரை மட்டும் சர்வீஸுக்கு விட வேண்டியிருந்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டரில் மாதக்கணக்காக உருட்டியதில் கிளட்ச் தேய்ந்துவிட்டதாம். அந்த பில்லை மராத்தான் செலவில் சேர்க்கச் சொல்கிறார் இவர். சேர்த்தாயிற்று.