டெக்சாஸிலிருந்து செவிலியர் மேற்படிப்பு

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் பெரும்பாலும் கற்பிக்கப் போவதையே பார்த்திருந்த எனக்கு, முதுநிலைப் பட்டம் பெற்ற செவிலியர் தாமே நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்துச் சீட்டும் எழுதுவதை டெக்சாஸில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் நேரில் காண முடிந்தது. செவிலியர் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு, உரிமம், இரவுப் பணி, இங்குள்ளவர்களின் பேச்சு வேகம் என்று எல்லாவற்றுக்கும் பழகிய பிறகே மேற்படிப்பைப் பற்றி நினைக்க அவகாசம் கிடைத்தது.

இப்படி நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் செவிலியரை இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்கிறார்கள். அந்தப் பொதுப்பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடக் கூடாது. குடும்ப நலம், குழந்தைகள், மனநலம், பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சை என்று எதற்காகப் படிக்கிறோமோ, அதற்குள்தான் சான்றிதழும் உரிமமும் அமையும். எளிதில் வேலை கிடைக்கும் என்று குடும்ப நலத்தை எடுத்துவிட்டு, தாங்கள் பழகிய தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்புவதற்காக மறுபடியும் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்த தோழிகள் எனக்கு உண்டு. நான் அந்தப் பிரிவையே தேர்ந்தெடுத்தேன். மயக்க மருந்துச் செவிலியருக்கு ஊதியம் இதைவிட அதிகம்தான். ஆனால் 2022 ஜனவரி முதல் அத்துறையில் புதிதாகச் சேர்வோர் முனைவர் நிலைப் படிப்பையே படிக்க வேண்டும் என்பதோடு, வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிப்பதும் ஏறக்குறைய இயலாது என்பதால், மாதந்தோறும் பெற்றோருக்குப் பணம் அனுப்புபவர்கள் பலமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது. பிராக்டிஷனர்களும் 2015க்குள் முனைவர் நிலைக்கு மாற வேண்டும் என்று செவிலியக் கல்லூரிகளின் சங்கம் 2004இல் பரிந்துரைத்திருந்தாலும், இன்றும் முதுநிலைப் பட்டமே போதும்.

புதிதாகக் குடியேறியவரை உண்மையில் திணறடிப்பது பாடங்கள் அல்ல, பிரிசெப்டரைத் தேடும் வேலைதான். களப்பயிற்சியில் உடனிருந்து கற்றுத்தரும் மருத்துவரையோ மூத்த பிராக்டிஷனரையோ மாணவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று பல இணையவழிப் படிப்புகள் விட்டுவிடுகின்றன. இங்கேயே வளர்ந்தவருக்குக் குடும்ப மருத்துவர், பள்ளி நண்பர் என்று கேட்பதற்கு யாராவது இருப்பார்கள். நமக்கோ உடன் வேலை செய்பவர்களைத் தவிர வேறு அறிமுகமே இருப்பதில்லை. ஆகவே, பயிற்சி இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா என்று கட்டணம் செலுத்தும் முன்பே எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் சற்றுக் கூடினாலும், ஏற்பாடு செய்து தரும் கல்லூரியையே நான் பரிந்துரைப்பேன்.

மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் மருத்துவர் ஒருவருடன் ஒப்பந்தம் இல்லாமல் பிராக்டிஷனர் மருந்து எழுத முடியாது. எல்லைக்கு அப்பாலுள்ள நியூ மெக்சிகோவில் அப்படி ஒப்பந்தம் தேவையில்லை. சாதாரணச் செவிலியர் உரிமம் பல மாநிலங்களில் செல்லுபடியாகும் கூட்டு உரிமமாகக் கிடைக்கிறது என்றாலும், பிராக்டிஷனர் உரிமத்தைப் போகும் மாநிலத்தில் புதிதாகப் பெற்றாக வேண்டும்.

கட்டணத்துக்கு மருத்துவமனைகள் உதவுவதுண்டு. அப்படிக் கிடைப்பதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. பெரும்பாலும் பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றுவதாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். இடம்பெயரும் எண்ணமில்லாத எனக்கு அது உறுத்தவில்லை. கணவருக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை அமையக்கூடியவர்கள், அந்த நிபந்தனையையும் புதிய உரிமத்துக்கு ஆகும் காலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.