தைப்பிங்கில் இறங்காமல் போகாதீர்கள்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் ஈப்போவில் ஒரு வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு நேரே ஜார்ஜ் டவுனுக்குப் போய்விடுகிறார்கள். வழியில் தைப்பிங்கில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று உண்டான ஏரிகள் அங்கே இருக்கின்றன. 1880-லேயே அந்த இடத்தைப் பூங்காவாக்கிவிட்டார்கள். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் பாதையைத் தாண்டி வளைந்து தண்ணீர்வரை தாழ்ந்திருக்கின்றன. விடிந்ததும் அதன் கீழே நடந்தேன். ராத்திரி பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்குப் பேர்போன ஊர், குடை கட்டாயம்.

அப்புறம் கோல செபெத்தாங். பக்கம்தான். மலாயாவின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. அப்போது ஊர்ப்பெயர் போர்ட் வெல்ட். தண்டவாளம் போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கரிச்சூளைகளையும் விடாதீர்கள். செங்கல் குவிமாடங்களுக்குள் கண்டல் மரக்கட்டைகள் நாள்கணக்கில் வேகின்றன. வெளிவரும் புகையின் வாசத்தை வைத்தே பதம் சொல்கிறார்கள். என் சட்டையில் அந்த வாசம் பினாங்குவரை வந்தது.