ருமேனியா: ஊர் காலியாகிறது, ஆள் வருகிறார்கள்

1990ல் ருமேனியாவில் 2.3 கோடி பேர். 2021 கணக்கெடுப்பில் 1.9 கோடி. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனிக்கு வேலை தேடிப் போனவர்கள் பெரிய காரணம். 2007ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. கொத்தனார், சமையல்காரர், டிரைவர் எல்லாம் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இப்போது நேபாளம், வங்கதேசம், இலங்கையிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 1,00,000 புதிய தொழிலாளர் என்று அரசு ஒதுக்கீடு வைத்தது.

நடைமுறை முதலாளியிடமிருந்துதான் தொடங்கும். குடியேற்றத் துறையில் அவர் பணி அனுமதி வாங்கவேண்டும். அது கைக்கு வந்தபிறகே தொழிலாளி தூதரகத்தில் நீண்டகால விசா கேட்கமுடியும். அனுமதி எண் இல்லாமல் "விசா ரெடி" என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

இறங்கிய பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். விசா 90 நாள். வதிவிட அட்டைக்கு அது முடிய 30 நாள் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஆக உண்மையில் கையில் 60 நாள்தான். பதிவான வேலை ஒப்பந்தம் இல்லாமல் அட்டை கிடைக்காது. முதலாளி இழுத்தடித்தால் சட்டவிரோதமாகத் தங்கியவர் என்ற பெயர் தொழிலாளிக்குத்தான் வரும். என்ன அநியாயம் இது!

2025 ஜனவரி முதல் ருமேனியா முழு ஷெங்கன் நாடு, அதாவது எல்லைச் சோதனை இல்லாமல் ஒன்றுக்கொன்று போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. வதிவிட அட்டையோடு இத்தாலிக்குச் சுற்றிப் பார்க்கப் போகலாம். வேலை செய்ய முடியாது.