ராத்திரி 3 மணிக்கு டி.எம்.எஸ்.

கோவையில் ஒரு தனியார் எஃப்.எம்.மில் 6 வருஷம் பாட்டு ஷெட்யூல் போட்டேன். ஆர்.ஜே. தன் இஷ்டத்துக்குப் பாட்டு போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பது முந்தின நாளே கம்ப்யூட்டரில் முடிவாகிவிடும். புதுப்பாட்டு ஹிட்டானால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும், இளையராஜா ராத்திரி 9 மணிக்கு மேல், அதற்கும் முந்தின காலத்துக்கு இடமே கிடையாது.

ஒருநாள் ஒரு பெரியவர் போனில், "ஏனுங் தம்பி, டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணே ஒண்ணு போடக்கூடாதுங்களா?" என்றார். மேலதிகாரியிடம் சொன்னேன். "அந்தப் பெரியவர் மாதிரி ஆளுங்களை நம்பி எவன்யா விளம்பரம் குடுப்பான்?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. ஏலத்தில் கோடிகளைக் கொட்டி அலைவரிசை எடுத்து, வருஷா வருஷம் மொத்த வருவாயில் 4 சதவீதமோ ஏலத்தொகையில் 2.5 சதவீதமோ எது அதிகமோ அதைக் கட்டுபவர்கள், பாட்டில் எங்கே துணிவார்கள்? விளம்பரம் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் அதே இளவட்டம்தான் வேண்டும், அதனால் எல்லா எஃப்.எம்.மிலும் அதே பாட்டு.

அரசு இதில் தலையிடுவதில்லை. சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது என்று எங்கள் வாயைக் கட்டியவர்கள், பாட்டை எங்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். சரி, தலையிட்டால்? 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். நேயர்கள் ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள். 1957இல் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி சேவையைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனை சதவீதம் பழைய பாட்டு என்று விதி போட்டாலும் பயனில்லை. நானே அந்தப் பாட்டையெல்லாம் ராத்திரி 3 மணிக்குத் தள்ளிக் கணக்கைச் சரிக்கட்டியிருப்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும் என்பேன். மத்திய அரசின் 2011 எஃப்.எம். கொள்கைப்படி ஒரே நிறுவனம் ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை எடுக்கலாம், ஊரில் உள்ள மொத்தத்தில் 40 சதவீதம் வரை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் இரண்டாவதை எடுக்கிறவரிடம், இது முதலாவதைப் போல இருக்கக்கூடாது, பழைய பாட்டோ நாட்டுப்புறமோ கர்நாடக இசையோ நீங்களே சொல்லுங்கள், சொன்னதை நாள் முழுக்கப் போடுங்கள் என்று எழுதி வாங்கலாமே. எந்தப் பாட்டு என்று எந்த அதிகாரியும் எண்ண வேண்டாம். பகலில் ஒரு மணி நேரம் ரேடியோவைத் திருகிக் கேட்டாலே தெரிந்துவிடும்.