திருப்பிப் பார்க்காமல் உருக்கக் கொடுக்காதீர்கள்: மட்டக்களப்பு வீடுகளின் பழைய வெள்ளியில் முத்திரை படிக்கும் விதம்

மட்டக்களப்பில் ஒரு வீட்டின் பழைய வெள்ளிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே நாட்டுச் சரக்கு இருக்காது. புளியந்தீவுப் பறங்கியர் வீட்டிலிருந்து கைமாறி வந்த தேக்கரண்டி, காத்தான்குடிப் பன்னீர்ச் செம்பு, காரைதீவு அம்மம்மாவின் வெற்றிலை வட்டா, சுண்ணாம்புச் செப்பு, குழந்தையின் அறுணாக்கொடி எல்லாம் ஒரே துணியில் சுருண்டு கிடக்கும். நகைக்கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: முத்திரை இருக்கா? தரத்தைக் காட்ட உலோகத்தில் அடிக்கும் அந்தச் சிறு குறி இருந்தால் வெள்ளி, இல்லையென்றால் உருக்கும் விலை. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிழை. முத்திரை போலத் தெரிவதெல்லாம் வெள்ளிக்குச் சான்று அல்ல. எங்கள் தட்டார் செய்த நல்ல வெள்ளியில் முத்திரையே இருப்பதில்லை. நாங்கள் பார்க்கும் ஒழுங்கை அப்படியே எழுதுகிறோம்.

விபூதி போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். விபூதி, சாம்பல், புளியோடு சேர்ந்த மணல் எல்லாமே அராவும் பொருட்கள். ஐம்பது வருடம் வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்த தட்டத்தில் முத்திரைச் சிங்கம் ஒரு மேடாக மட்டும் மிஞ்சியிருக்கும். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நல்ல தண்ணீரும் மெல்லிய பழைய டூத் பிரஷும் போதும். கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கறுப்பு தடிப்பாக இருந்தால் அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் ஒரு லீற்றர் சுடுதண்ணீர், ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா. பொருள் தாளைத் தொட்டபடி சில நிமிடம் கிடந்தால் கூழ்முட்டை மணத்தோடு கறுப்பு கழன்றுவிடும். கல் பதித்தவை, உள்ளே அரக்கு நிரப்பியவை, வேலைப்பாட்டுக்காகவே கறுப்பு ஏற்றியவை ஆகியவற்றை இதில் போடாதீர்கள்.

கடலும் வாவியும் சூழ்ந்த ஊர் என்பதால் இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. 1978 சூறாவளியிலோ 2004 சுனாமியிலோ உப்புத்தண்ணீரில் கிடந்த வெள்ளியில் சாம்பல், ஊதா நிறத்தில் மெழுகு போன்ற பொருக்கு படியும். அது வழக்கமான கறுப்பு அல்ல, உப்போடு சேர்ந்து உண்டான வெள்ளிக் குளோரைட்டு. அந்தப் பொருக்கே வெள்ளியை அரித்து உண்டானது என்பதால், கத்தியால் சுரண்டினால் முத்திரையின் விளிம்பும் சேர்ந்து வரும். படிக்கக்கூடிய அளவைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுங்கள்.

படிப்பதற்குப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் போன் டோர்ச்சும் போதும். வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் பொருளின் மேல் படுக்கவைத்து அடிக்க வேண்டும். தேய்ந்த முத்திரையின் நிழல் அப்போதுதான் எழும். அதுவும் தெரியாவிட்டால் மெழுகுதிரிப் புகையை அந்த இடத்தில் மெல்லப் படியவிட்டு, ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து வெள்ளைக் கடதாசியில் ஒட்டுங்கள். நேரில் தெரியாத எழுத்துக்கூடக் கடதாசியில் வரும். அரக்கு நிரப்பிய கைப்பிடிக்குக் கிட்ட மட்டும் சுடரைக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கே தேடுவது? கரண்டியில் தண்டின் பின்பக்கம். 1780களுக்கு முந்திய ஆங்கிலக் கரண்டிகளில் கிண்ணத்துக்கு அருகிலும், பிறகு தண்டின் நுனிப்பக்கமும் அடித்திருக்கும். செம்பிலும் தட்டத்திலும் அடிப்பக்கம் அல்லது விளிம்பு. மூடியோ கழற்றக்கூடிய பாகமோ இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். ஆங்கிலச் சட்டப்படி அதிலும் முத்திரை இருக்க வேண்டும். உடலில் முத்திரை இருந்து மூடியில் இல்லையென்றால், மூடி பிறகு சேர்ந்ததாக இருக்கலாம்.

இங்கே அதிகம் வருவது ஆங்கிலேய வெள்ளிதான். அதில் நான்கு குறிகளைத் தேடுங்கள்: தரம், நகரம், ஆண்டெழுத்து (ஆண்டைக் காட்டும் எழுத்து), செய்தவர். நடக்கும் சிங்கம் இங்கிலாந்தில் 925 தரத்துக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) உரியது. 1544 முதல் பாவனையில் உள்ளது. சிறுத்தைத் தலை லண்டன். அது 1821 வரை கிரீடத்தோடும் பிறகு கிரீடம் இல்லாமலும் வரும். நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் (1974 வரை) ஷெஃபீல்ட். இந்த இரண்டு நகரங்களும் 1773இல்தான் முத்திரை அலுவலகம் பெற்றன. கோட்டை எடின்பரோ. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் அது பெரும்பாலும் வரி கட்டிய குறி. வரிக் குறி 1784 முதல் 1890 வரை மட்டுமே அடிக்கப்பட்டதால், ஆண்டெழுத்து அழிந்திருந்தாலும் அந்தத் தலை ஒன்றே காலத்தைக் குறுக்கித் தந்துவிடும்.

ஆண்டெழுத்தில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள். எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஓர் எழுத்தாக 'ஏ' முதல் அடிக்கும் சுற்று ஒவ்வொரு நகரத்துக்கும் தனி. ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும் மாறும். நேரான ஆங்கிலச் சின்னெழுத்து 'எச்' (h) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1896இல் 'ஏ' தொடங்கிய சுற்றில் அது 1903. பர்மிங்ஹாமில் 1900இல் தொடங்கிய சுற்றில் அதே எழுத்து 1907. நங்கூரத்தைச் சிறுத்தையாக வாசித்தால் நான்கு வருடம் போய்விடும். எழுத்து வடிவத்தைத் தவறவிட்டால் இருபது, நாற்பது வருடம் போய்விடும். சுற்றில் பெரும்பாலும் 'ஜே' எழுத்தை விட்டுவிடுவார்கள் என்பதையும் எண்ணும்போது மறக்காதீர்கள். அக்காலத்தில் எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, ஆண்டின் நடுவில். எனவே ஒரு எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளைத் தொடும்.

செய்தவரின் குறி பெரும்பாலும் இரண்டு மூன்று முதலெழுத்துகள். ஒரே முதலெழுத்தில் பலர் இருந்ததால், எழுத்தைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: நீள்சதுரமா, நீள்வட்டமா, மூலை வெட்டியதா, எழுத்துக்கு நடுவில் புள்ளி இருக்கிறதா. செய்தவரின் குறியைத் தரத்துக்குச் சான்றாக எடுக்கவே கூடாது. வோக்கர் அண்ட் ஹோல் நிறுவனம் கொடிக்குள் எழுதிய தன் முதலெழுத்துகளை அசல் வெள்ளியிலும் முலாம் பொருளிலும் அடித்தது. பக்கத்தில் சிங்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முலாம் பொருளில் ஏமாறுவது இங்கே சர்வசாதாரணம். ஆங்கிலத்தில் 'ஈ பி என் எஸ்' என்று தனித்தனிக் கட்டங்களில், பழைய பாணி எழுத்தில் வரிசையாக இருந்தால் தூரத்தில் நான்கு முத்திரை போலவே தோன்றும். அது ஜேர்மன் சில்வர் மேல் மின்முலாம். எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற முறையோடு பரவியது. ஜேர்மன் சில்வர், நிக்கல் சில்வர், அல்பாக்கா என்ற பெயர்களில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் நாகமும் (துத்தநாகம்) நிக்கலும்தான். வெளிநாட்டுக் கரண்டிகளில் '90' என்ற எண்ணைப் பார்த்து 90 வீத வெள்ளி என்று விற்பவர்கள் உண்டு. ஒரு டசின் கரண்டிக்கும் ஒரு டசின் முள்ளுக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளி பூசியதைத்தான் அந்த எண் சொல்கிறது. 800, 830, 835, 900 போன்ற மூன்று இலக்க எண்கள்தான் ஆயிரத்தில் இத்தனை பங்கு வெள்ளி என்ற தரத்தைக் காட்டும். சந்தேகமானால் கரண்டிக் கிண்ணத்தின் பின்புறம் மேசையில் படும் இடத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சள் சாயல் தெரிந்தால் ஜேர்மன் சில்வர், சிவப்புத் தெரிந்தால் செம்பு.

கிழக்கில் பிரெஞ்சு வெள்ளியும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்தார்கள். எனவே பழைய பூசைப் பாத்திரம் பார்ப்பவர் சிங்கத்தைத் தேடிக் களைக்க வேண்டாம். தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலையைத் தேடுங்கள். 1838 முதல் வருகிறது. தலைக்கு அருகில் 1 என்றிருந்தால் 950 தரம், 2 என்றால் 800. செய்தவர் குறி நிமிர்ந்த வைரக் கட்டத்துக்குள் இருக்கும். கட்டம் சதுரமானால் முலாம். கிண்ணம் மட்டும் வெள்ளி, பாதம் பொன்முலாம் பூசிய பித்தளை என்று செய்ததும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவற்றில் வேறு குழப்பம். கல்கத்தா ஹமில்டன், மதராஸ் பி.ஓர் போன்ற பெருங்கடைகள் தங்கள் பெயரையோ முதலெழுத்தையோ அடித்தன. ஹமில்டன் பொருளில் யானையும் ஒரு எழுத்தும் சேர்ந்து வரும். அவை கடையின் சொந்தக் குறிகள், அரச முத்திரை அல்ல. அந்த எழுத்தை லண்டன் அட்டவணையில் வைத்து ஆண்டு சொல்வது வீண்.

எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானவை முத்திரையே இல்லாதவை. வட்டா, செப்பு, சிமிழ், தண்டை, அறுணாக்கொடி. இவற்றுக்கு அடிப்படை பெரும்பாலும் ரூபாய் நாணயத்தை உருக்கிய வெள்ளி. பிரித்தானிய இந்திய ரூபாய் 11.66 கிராம், தரம் 917. அதே 11.66 கிராம்தான் ஒரு தோலா. 'இத்தனை ரூபாய் எடை' என்று பழைய சீதனக் குறிப்பில் இருந்தால் இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 1940 முதல் அந்த ரூபாயின் தரம் 500க்கு இறங்கியது. அதனால் பிந்திய பொருள் சற்று மஞ்சளாகவும் விரைவில் கறுப்பதாகவும் இருக்கலாம். அது தட்டாரின் களவு அல்ல, நாணயத்தின் குறை.

இப்படி முத்திரை இல்லாததை அமிலத்துக்கு முன் தண்ணீரில் சோதியுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் முதலில் பொருளை நிறுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 124 கிராம் செப்பு தண்ணீரில் 12 கிராம் காட்டினால் 124ஐ 12ஆல் பிரிக்க 10.3. நல்ல வெள்ளி 10.2 முதல் 10.5 வரை நிற்கும். ஜேர்மன் சில்வர் 8.7 அளவில் நின்றுவிடும். ஒட்டிய காற்றுக்குமிழி, பொள்ளல் கைப்பிடி, அரக்கு நிரப்பல் மூன்றும் விடையைக் கீழே இழுக்கும். ஆகவே தண்டையையும் பன்னீர்ச் செம்பையும் இந்த எண்ணை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

அமிலம் கடைசி. வெளியில் தெரியாத அடியில் அரத்தால் முலாம் தாண்டும் ஆழத்துக்கு ஒரு கீறல், அதில் நைத்திரிக் அமிலம் ஒரு சொட்டு. பச்சையாகப் பொங்கினால் செம்புக் கலப்பு உலோகம், பால் போலச் சாம்பலானால் வெள்ளி. காற்றோட்டமான இடம், கையுறை, பக்கத்தில் அப்பச்சோடாக் கரைசல் கட்டாயம். முத்திரையின் மேலோ அருகிலோ ஒருபோதும் விடாதீர்கள்.

கள்ள முத்திரையும் உண்டு. அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கி, குழிக்குள் ஊசிமுனைத் துளைகள் தெரியும். ஆறு கரண்டியிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் அவை ஒரே அச்சில் வார்த்தவை. இன்னொரு வகையில், உடைந்த சிறு பொருளின் முத்திரையை வெட்டிப் பெரிய பாத்திரத்தில் பற்றாசு வைத்து ஒட்டுவார்கள். முத்திரையின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது ஒட்டின் கோடு சுற்றிவரத் தெரியும்.

பார்த்து முடித்ததும் முத்திரையின் படம், அளவு, எடை, இருக்கும் இடம் நான்கையும் ஒரு துண்டில் எழுதிப் பொருளோடு வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைத்தால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பொதி செய்ய வெளுத்த பருத்தித் துணி நல்லது. இறப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். இறப்பரில் உள்ள கந்தகம், வளையம் பட்ட இடத்தில் துணியையும் தாண்டி வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.